திராட்சைச் சரிவின் மறுபக்கம்: ஒரு காட்டு டிஸ்க் கோல்ஃப் களத்தின் மதிப்புரை

இந்தக் களத்தில் ஓராண்டுக்குள் மூன்று முறை ஆடியிருக்கிறேன். மரங்கள் துளிர்விடும் பருவத்தில் ஒரு முறை, இலை அடர்ந்து வெளிச்சம் தரைக்கு இறங்காத கோடையில் ஒரு முறை, திராட்சை அறுவடை முடிந்த மறுவாரம் ஒரு முறை. காட்டுக்குள் அமைந்த டிஸ்க் கோல்ஃப் களத்தை ஒரே நாள் ஆடிவிட்டு எடைபோடக் கூடாது. இலையில்லாத நாளில் தாராளமாகத் தெரிந்த இடைவெளி, இரண்டு மாதம் கழித்துப் போனால் கதவடைத்த வீடுபோல் இருக்கும். முதல் முறை ஆடி முடித்த அன்றே எழுதத் துடித்த கையை அடக்கிக்கொண்டதற்கு அதுவே காரணம்.

களம் ஓர் ஒயின் பண்ணைக்குள் இருக்கிறது. அந்தப் பண்ணையின் பெயரை வேண்டுமென்றே தவிர்க்கிறேன். ஒரு குடும்பம் கூலிக்கு அதிகம் ஆள் வைக்காமல் தானே பார்த்துக்கொள்ளும் இடம் அது. இருபது வண்டிகளுக்கு மேல் நிறுத்த இடமில்லை. ஆடுகிறவர்கள் ஒருவர் சொல்லி ஒருவர் வந்தால் போதும் என்பது அவர்களுடைய விருப்பம், அதை மீற எனக்கு மனமில்லை.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தட்டு எவ்வளவு தூரம் போனது என்பதிலேயே மகிழ்ச்சி காண்கிறவருக்கு இந்தக் களம் எரிச்சலூட்டும். எந்த இடைவெளியில் எந்தத் தட்டை எவ்வளவு மெதுவாக விடலாம் என்று நின்று யோசிக்கிறவருக்கு, நான் ஆடிய காட்டுக் களங்களிலேயே மனநிறைவு தருவது இதுதான். 18 குழிகளில் 14 மிக நன்று, இரண்டு பரவாயில்லை, 12-ஆம் குழியும் 13-ஆம் குழியும் திருத்தப்பட வேண்டியவை.

ஆட்டத்தை அறியாதவர்களுக்குச் சில வரிகள். கோல்ஃபில் பந்தும் மட்டையும் செய்கிற வேலையை இங்கே பிளாஸ்டிக் தட்டும் வெறுங்கையும் செய்கின்றன. தொடக்க மேடையிலிருந்து எறிந்து, தட்டு விழுந்த இடத்திலிருந்து மீண்டும் எறிந்து, சங்கிலிகள் தொங்கும் இரும்புக் கூடைக்குள் எத்தனை குறைந்த எறிகளில் சேர்க்கிறோம் என்பதே கணக்கு. தரையில் குழி என்று எதுவும் இல்லை. ஆனாலும் கோல்ஃபிலிருந்து ஒட்டிக்கொண்ட பழக்கத்தில் ஒவ்வொரு கட்டத்தையும் குழி என்றே அழைக்கிறார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். ஃபிரிஸ்பி தயாரித்த வாம்-ஓ நிறுவனத்தில் பணியாற்றிய எட் ஹெட்ரிக் இதை ஒழுங்குபட்ட விளையாட்டாக ஆக்கினார். நிலையான முதல் களம் 1975-இல் கலிஃபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் அமைந்தது. அங்கே முதலில் இலக்காக நின்றவை வெறும் கம்பங்கள். சங்கிலியும் கூடையும் அவர் அதன்பின் உருவாக்கியவை. 1976-இல் தொழில்முறை டிஸ்க் கோல்ஃப் சங்கத்தையும் அவரே தொடங்கினார். 2002-இல் அவர் இறந்தபோது அவருடைய சாம்பலையும் கலந்து தட்டுகள் வார்த்தார்கள். இந்த ஆட்டம் பிடித்துப்போனவர்களின் பித்து எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இனி களத்துக்கு வருகிறேன். ஒரு குன்றின் இரண்டு சரிவுகளிலும் பண்ணை விரிந்து கிடக்கிறது. நாள் முழுதும் வெயில் படுகிற சரிவில் வரிசை வரிசையாகத் திராட்சை. நிழல் விழும் மறுசரிவிலும் அதன் அடியிலுள்ள ஓடைப் பள்ளத்திலும் காடு. இந்தப் பிரிவினை அழகுக்காக ஏற்பட்டதன்று. திராட்சைக் கொடிக்கு நேர்வெயிலும் காற்றோட்டமும் தேவை. இரவில் கனத்த குளிர்காற்று சரிவு வழியே வழிந்து பள்ளத்தில் தேங்குவதால், வசந்தத்தின் கடைசி உறைபனி துளிரைக் கருக்குவதும் பெரும்பாலும் பள்ளங்களில்தான். ஆகவே முந்தைய தலைமுறையினர் அந்தப் பகுதியில் கொடி நடவில்லை. விறகுக்கும் கொடி தாங்கும் கம்புக்கும் மட்டும் நுழைந்து வந்தார்கள். பயிருக்கு உதவாத அந்த நிலத்தில்தான் இப்போது கூடைகள் நிற்கின்றன. ஓக், பீச், மேப்பிள் என்று இலையுதிர்க்கும் மரங்களே மிகுதி. ஓடைக்கு அப்பால் மட்டும் ஒரு பைன் தோப்பு இருக்கிறது.

களத்தை வரைந்தவர் அந்த வீட்டின் இளைய மகன். தொழில்முறை வடிவமைப்பாளர் எவரையும் அழைக்கவில்லை என்று கேள்விப்பட்டபோது எனக்கு ஐயம் இருந்தது. சொந்தக் காட்டில் சொந்தக் கையால் போட்ட களங்கள் பெரும்பாலும் போட்டவருடைய எறிக்கு ஏற்றவையாகத்தான் இருக்கும். அவர் இடக்கைக்காரரானால் எல்லாக் குழிகளும் ஒரே பக்கம் வளையும். இங்கே அப்படி இல்லை. இடப்புறம் வளைபவை ஆறு, வலப்புறம் வளைபவை ஆறு, நேராகப் போக வேண்டியவை ஆறு என்று நானே எண்ணிப் பார்த்தேன். வலக்கையால் உடலுக்குக் குறுக்கே இழுத்து எறிகிற பேக்ஹேண்ட் தட்டு கடைசியில் இடப்பக்கம் விழும், அதே கையால் பக்கவாட்டில் வீசுகிற ஃபோர்ஹேண்ட் வலப்பக்கம் விழும் என்பது இந்த ஆட்டத்தின் பாலபாடம். இரண்டில் ஒன்றை மட்டும் கற்றுக்கொண்டு வருகிறவர் இந்தக் காட்டில் பாதி நாளைத் தட்டுத் தேடியே கழிப்பார்.

முதல் குழி அறுபது மீட்டர்தான், நேர்ப்பாதை. பார்த்தால் எளிது. ஆனால் பாதையின் முடிவில் ஓர் ஓக் மரம் கூடைக்கு முன்னால் இடப்புறமாகச் சாய்ந்து நிற்கிறது. வழக்கமான எறி கடைசியில் இடப்புறம் சரிகிறபோது சரியாக அதன் அடிமரத்தில் போய் மோதும். முதல் எறியிலேயே களம் தன் குணத்தைச் சொல்லிவிடுகிறது. அதன் பிறகு வருகிற இரண்டாவதும் மூன்றாவதும் கையைச் சூடாக்கிக்கொள்ளும் குழிகள். நான்காவது குழி சற்று மேலேறி வலப்புறம் மறையும். ஃபோர்ஹேண்ட் இல்லாதவர் முதல் எறியில் கூடையைப் பற்றிக் கனவு காணாமல், வளைவு வரை தட்டை வைத்துவிட்டு அடுத்ததைப் பார்ப்பது நல்லது.

ஏழாம் குழியைப் பற்றி மட்டும் நீட்டி எழுத அனுமதி வேண்டும். இந்தக் களத்துக்கு நான் மூன்று முறை போனதில் குறைந்தது இரண்டு முறை இதற்காகவே போனேன். 118 மீட்டர், பார் 4, அதாவது நான்கு எறிகளில் முடிப்பது இயல்பு என்ற கணக்கு. மேடை உயரத்தில் இருக்கிறது. ஐம்பது மீட்டர் கீழே இரண்டு பீச் மரங்கள் வாயில் காப்போர் போல நிற்கின்றன. நடுவே மூன்று மீட்டர் அகலம் இருக்கலாம். அந்த வாயிலைத் தாண்டியதும் பாதை இடப்புறம் திரும்புகிறது. திருப்பத்தில் வேரோடு சாய்ந்த ஒரு பெரிய பீச் மரம் குறுக்கே கிடக்கிறது. அதை அகற்றாமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். அதற்கப்பால் ஒரு சிறு பள்ளம், பள்ளத்தைத் தாண்டி ஒரு மேடு, மேட்டின் உச்சியில் கூடை.

முதல் முறை போனபோது, இறக்கம் என்பதால் தட்டு தானே போய்விடும் என்று எண்ணி, பையிலேயே மிக வேகமான டிரைவரை, அதாவது நெடுந்தூரத்துக்கான தட்டை, எடுத்தேன். வேகத் தட்டுக்கு விளிம்பு அகலம். அதை அதற்குரிய வேகத்தில் எறிந்தால்தான் நேராகப் போகும், கையை அடக்கி எறிந்தால் சீக்கிரமே இடப்பக்கம் விழத் தொடங்கிவிடும். இறக்கத்தில் தரை கீழே நழுவுவதால் தட்டு அதிக நேரம் காற்றில் நிற்கிறது, விழுகிற பக்கம் இன்னும் அதிகமாகப் போகிறது. என் தட்டு இடப்புறப் பீச் மரத்தில் மோதியது. காட்டுக்குள் பிளாஸ்டிக் மரத்தில் மோதுகிற அந்த ஒற்றை ஓசை நெடுநேரம் காதில் நிற்கும்; உடன் ஆடுகிறவர்கள் ஒன்றும் சொல்லமாட்டார்கள், அதுதான் இன்னும் கூச்சம்.

இரண்டாம் முறை நடுத்தூரத்துக்கான மிட்ரேஞ்ச் தட்டை எடுத்து வாயிலைத் தாண்டினேன். ஆனால் சற்று அதிகமாகத் தாண்டி, சாய்ந்த மரத்தின் கிளைகளுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. விதிப்படி தட்டு கிடந்த இடத்தில் சிறு அடையாளத் தட்டு ஒன்றை வைத்து, அதன் பின்னால் 20 சென்டிமீட்டர் அகலமும் 30 சென்டிமீட்டர் நீளமும் உள்ள பரப்பில் உடலின் ஒரு பகுதி ஊன்றியிருக்க எறிய வேண்டும். நிற்குமிடத்துக்கும் கூடைக்கும் நடுவே உதிர்ந்து கிடக்கும் கிளையைக்கூட நகர்த்தக் கூடாது. ஒரு முழங்காலை அந்தப் பரப்பில் ஊன்றி, முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டிருந்த காய்ந்த கிளைகளுக்கும் ஈரத் தரைக்கும் இடையில் முழங்கை உயரத்துக்கு இருந்த ஒரு சந்தைப் பார்த்து, ஃபோர்ஹேண்டில் தாழ்வாக வீசினேன். பள்ளம் வரைதான் போனது. ஆனால் அந்த நாளில் நான் எறிந்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்த எறி அதுவே. சாய்ந்த மரத்தை வெட்டி அகற்றியிருந்தால் இந்தக் குழி சாதாரணமாகியிருக்கும்.

மூன்றாம் முறை போனபோதுதான் அந்தக் குழி என்ன கேட்கிறது என்று புரிந்தது. முதல் எறிக்கு டிரைவரையோ மிட்ரேஞ்சையோ தொடாமல், கூடைக்கருகில் பயன்படுத்துகிற பட்டரையே எடுத்து, ஐம்பத்தைந்து மீட்டருக்கு மெல்ல விட்டேன். வாயிலின் நடுவே போய் நின்றது. அங்கிருந்து இடப்புறச் சாய்வில் மிட்ரேஞ்சை வளைத்து எறிந்ததில், மேட்டின் மேல் கூடைக்கு எட்டு மீட்டருக்குள் போய்ச் சேர்ந்தது. கூடையைச் சுற்றிய 10 மீட்டர் வட்டத்துக்குள் எறிந்தால், எறிந்த வேகத்தில் முன்னால் விழாமல் நிலை கொண்ட பிறகே அடியெடுத்து வைக்க வேண்டும் என்பது விதி. நான் நிலை கொண்டேன். தட்டு சங்கிலியில் பட்டது, வலப்புறம் தெறித்தது, விளிம்பால் நின்று மேட்டிலிருந்து உருண்டு பள்ளத்துக்கே போனது. மேலேறி வந்து ஐந்தில் முடித்தேன். கூடையை மேட்டின் உச்சியில் வைத்தவர்மீது அந்த நிமிடத்தில் வந்த கோபம், அடுத்த குழிக்கு நடப்பதற்குள் மரியாதையாக மாறிவிட்டது.

பத்தாம் குழியும் பதினோராம் குழியும் காட்டை விட்டு வெளியே வந்து திராட்சை வரிசைகளின் ஓரமாகப் போகின்றன. வரிசைகள் முழுவதும் எல்லைக்கு வெளியே என்று கொள்ளப்படும். உள்ளே தட்டு விழுந்தால் ஓர் எறி தண்டம். அது எல்லையைக் கடந்த இடத்திலிருந்து ஒரு மீட்டருக்குள் வைத்து ஆட்டத்தைத் தொடரலாம். கண்ணுக்கு அகலமாகத் தெரிகிற பாதையில், காட்டுக்குள் இரண்டு மணி நேரம் அடக்கி வைத்த கை அவிழ்ந்துகொள்ளும். அந்த நேரம் பார்த்துத் தண்டம் காத்திருப்பது நல்ல வடிவமைப்பு.

இந்த இரண்டு குழிகளுக்காகவே போவதற்கு முன்பு பண்ணையில் விசாரித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. திராட்சையின் இலையிலும் காயிலும் பூஞ்சை நோய் வராமல் தடுக்கக் கந்தகமும் செம்பு கலந்த மருந்துகளும் தெளிப்பார்கள். 1880-களில் பிரான்சின் போர்தோ பகுதியில் உருவான செம்புச் சுண்ணாம்புக் கலவை இன்றும் பல இடங்களில் பழக்கத்தில் இருக்கிறது. மருந்து தெளித்தபின் குறிப்பிட்ட மணி நேரம் வரிசைகளுக்குள் எவரும் நுழையக் கூடாது. அந்த நாள்களில் 10, 11 இரண்டையும் அடைத்து, ஒன்பதிலிருந்து பன்னிரண்டுக்குக் காட்டு வழியாகவே போகச் சொல்லி ஒரு கயிறு கட்டிவிடுகிறார்கள். காய் நிறம் மாறத் தொடங்கியதும் பறவைகளைத் தடுக்க வரிசைகளின்மேல் வலை போர்த்துவார்கள். என் கோடை ஆட்டத்தின்போது வலை போர்த்திய மறுநாள். என் சிவப்பு மிட்ரேஞ்ச் பதினோராம் குழியில் வலையில் சிக்கி, இடுப்பு உயரத்தில், ஏதோ கனிபோலத் தொங்கிக்கொண்டிருந்தது. கைநீட்டினால் எடுத்துவிடலாம். ஆனால் மேடையருகே உள்ள பலகையில் வலையைத் தொடாதீர்கள் என்று தெளிவாக எழுதியிருக்கிறது. ஒரு கிழிசல் போதும், பறவைக் கூட்டம் உள்ளே புகுந்துவிடும். விட்டுவிட்டு வந்தேன். அறுவடைக்குப் பிறகு போனபோது, வருகிறவர்கள் ஒயினைச் சுவைத்துப் பார்க்கும் சுவைக்கூடத்தின் வாசலில் கண்டெடுத்த தட்டுகளைப் போடும் மரப்பெட்டியில் அது இருந்தது, ஓரத்தில் ஊதா நிறக் கறையோடு. அதே பெட்டியில் மேலும் முப்பது தட்டுகளாவது இருந்திருக்கும். ஆகவே தட்டின் பின்புறம் பெயரெழுதி வைப்பது பயனுள்ள பழக்கம்.

இனிக் குறைகள். பன்னிரண்டாம் குழியில் மேடைக்கும் கூடைக்கும் நடுவே எழுபது மீட்டரில் பாதை என்று சொல்லத்தக்கதே இல்லை. சிறு மேப்பிள் மரங்கள் நெருங்கி நிற்கின்றன. எந்தப் பக்கம் எறிந்தாலும் அடிபடுமா தப்புமா என்பது எறிபவரின் திறமையைப் பொறுத்ததாக இல்லை. காட்டுக் களத்துக்கு அடிப்படை நியாயம் ஒன்று உண்டு: இடைவெளி எவ்வளவு குறுகலாக இருந்தாலும், சரியாக எறிந்த தட்டுக்கு ஒரு வழி திறந்திருக்க வேண்டும். ஏழாம் குழியின் மூன்று மீட்டர் வாயில் அந்த நியாயத்துக்கு உட்பட்டது. பன்னிரண்டாம் குழி குலுக்குச் சீட்டு. பத்துப் பன்னிரண்டு இளமரங்களை எடுத்தால் தீர்ந்துவிடும். மரம் வெட்ட மனமில்லாத குடும்பம் என்பதை நான் மதிக்கிறேன். ஆனால் இங்கே அந்த இரக்கம் ஆட்டத்தைக் கெடுக்கிறது, மரங்களுக்கும் நன்மை செய்யவில்லை. அந்த இளமரங்களின் பட்டை நெஞ்சு உயரத்தில் அடிபட்டு அடிபட்டு உரிந்து கிடக்கிறது. 21 சென்டிமீட்டர் அகலமுள்ள தட்டு விதிப்படி ஏறத்தாழ 174 கிராம் வரை எடையிருக்கலாம். அந்த எடை, மெல்லிய பட்டையுள்ள இளமரத்தில் நாள்தோறும் மோதினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. மற்றக் குழிகளில் மேடைக்கு முன்னாலுள்ள மரங்களுக்குப் பழைய கொடிக்கம்புகளைச் சுற்றிலும் நட்டுக் காப்புக் கட்டியிருக்கிறார்கள். இங்கே அதுவும் இல்லை.

பதின்மூன்றாம் குழியின் குறை வேறு வகையானது, அதைவிடக் கடுமையானது. கூடை ஒரு முகட்டுக்கு அப்பால் இருக்கிறது, மேடையிலிருந்து தெரியாது. முகட்டுக்கும் கூடைக்கும் நடுவே, சுவைக்கூடத்துக்கு வருகிறவர்கள் காட்டைச் சுற்றிப் பார்க்கும் நடைபாதை குறுக்கிடுகிறது. என் முதல் ஆட்டத்தில் நான் எறிய ஓங்கிய கையோடு நிற்கையில், முகட்டின் மேல் ஒரு குழந்தையின் தொப்பி தெரிந்தது. பிறகு அந்தக் குழந்தை, அதன் பின்னால் கண்ணாடிக் கோப்பையைக் கையில் ஏந்திய அதன் பெற்றோர். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றிலிருந்து அந்த மேடையில் நான் ஒருவரை முகட்டுக்கு அனுப்பி, அவர் கையசைத்த பிறகே எறிகிறேன். தனியாக ஆடுகிறவர் நடந்து போய்ப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும். எதிர்ப்புறம் மறைந்திருக்கும் குழிகளில் மணி கட்டி, முன்னால் ஆடியவர் கூடையை விட்டு நகரும்போது அடிக்கும் வழக்கம் வேறு களங்களில் உண்டு. இங்கே அதுகூட இல்லை. நடைபாதையில் போகிறவர்களுக்கு எச்சரிக்கைப் பலகை ஒன்று இருக்கிறது. ஆனால் ஒயின் சுவைத்துவிட்டு உலவ வருகிறவர் பலகை படிப்பார் என்று நம்பிக் களம் அமைக்கக் கூடாது.

பதினான்கு முதல் பதினேழு வரை பைன் தோப்பும் ஓடையும். பைன் ஊசிகள் உதிர்ந்த தரையில் தட்டு சறுக்கிக்கொண்டே போகும் என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும். பதினாறாம் குழியில் ஓடைக்கு அப்பால் கூடை. கோடையில் ஓடை கணுக்கால் அளவு, வசந்தத்தில் முழங்கால் அளவு. கடைசிக் குழி காட்டிலிருந்து மேலேறி, கொட்டகையின் பழைய கல்சுவருக்கு அருகே முடிகிறது. சுவரில் பட்டுத் திரும்பி வந்த தட்டு கூடைக்கு அருகில் விழுவதும் உண்டு; அதைத் திறமை என்று யாரும் ஒப்புக்கொள்வதில்லை.

கட்டுமானத்தில் ஒரு விவரம் என் மனத்தை மிகவும் கவர்ந்தது. மேடையருகே உள்ள வழிகாட்டிகள் எல்லாம் ஓய்வுபெற்ற 225 லிட்டர் ஓக் பீப்பாய்களின் வட்ட மூடிகள். குழியின் எண், தூரம், பாதையின் வளைவு எல்லாவற்றையும் மரத்தில் சுட்டுப் பதித்திருக்கிறார்கள். மூடியின் பின்புறம் ஒயின் ஊறிய கருஞ்சிவப்பு இன்னும் இருக்கிறது. மழை பெய்த மறுநாள் அருகில் நின்றால் புளிப்பு கலந்த ஒரு மணம் லேசாக வருகிறது. பார்வைக்கு இவ்வளவு அழகான வழிகாட்டியை நான் எங்கும் கண்டதில்லை. ஆனால் வழிகாட்டியின் வேலை வழிகாட்டுவது. மரம் வெயிலில் வெளிறி, சுட்ட எழுத்தும் வெளிறி, மூன்றில் ஒரு பங்கு மூடிகளில் தூரம் படிக்க முடியவில்லை. எட்டாம் குழியில் 84 என்று இருப்பதை 64 என்று படித்து, இருபது மீட்டர் குறைவாக எறிந்தேன். ஒரு கூடையிலிருந்து அடுத்த மேடைக்குப் போகும் வழியும் இரண்டு இடங்களில் குழப்புகிறது. முதல் முறை போகிறவர் ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே நிச்சயம் வழிதவறுவார்.

மேடைகளில் பதின்மூன்று கான்கிரீட், துடைப்பத்தால் வரிபோட்டுச் சொரசொரப்பாக்கியவை. ஓடிவந்து எறிந்தாலும் கால் நழுவாது. எஞ்சிய ஐந்தில் இறுக்கிய மண்ணின்மேல் ரப்பர் விரிப்பு. மழைக்குப் பின் அவற்றில் ஓடாமல் நின்றே எறியுங்கள். கூடைகள் தரமானவை, சங்கிலி இரட்டை அடுக்கு. நடைபாதைகளில், குளிர்காலத்தில் கவாத்து செய்த கொடித்தண்டுகளைத் துண்டாக்கிப் பரப்பியிருக்கிறார்கள். மண் இறுகி மரவேர் வெளியே வருவதைத் தடுக்க இதுவே மலிவான வழி, பண்ணைக்கும் கழிவு தீர்கிறது. உட்காரப் பீப்பாய்ப் பலகையில் செய்த வளைந்த இருக்கைகள் நான்கு குழிகளில் உண்டு. கழிப்பறை சுவைக்கூடத்தில் மட்டுமே இருக்கிறது, குடிநீரும் அப்படியே. நடுவில் எதுவும் கிடையாது.

சுவைக்கூடத்தைப் பற்றி நான் அதிகம் சொல்லத் தகுதியற்றவன், மது அருந்துவதில்லை. அதே தோட்டத்துத் திராட்சையைப் புளிக்கவிடாமல் பிழிந்த சாறு கிடைக்கிறது. மூன்று முறையும் அதையே வாங்கினேன், மூன்று முறையும் இரண்டாவது கோப்பை கேட்டேன். உடன் வந்த நண்பர்கள் ஒயினைப் பாராட்டினார்கள். ஆடுகிறவர்கள் வாங்கித்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆட்டக் கட்டணத்தை வாசலிலுள்ள இரும்புப் பெட்டியில் போட்டுவிட்டுப் போகலாம், எவரும் கண்காணிப்பதில்லை. காட்டுக்குள் மது கொண்டுபோக மட்டும் அனுமதியில்லை. அந்த வீட்டின் மூத்த அம்மாள் இதில் மிகக் கண்டிப்பானவர். கோப்பையோடு முதல் மேடையை நோக்கி நடந்த ஓர் இளைஞரை, ஆடிவிட்டு வந்து குடியுங்கள், இரண்டும் நன்றாக இருக்கும் என்று சொல்லித் திருப்பியனுப்பியதை நான் பார்த்தேன். அந்த இளைஞர் முகம் சுளிக்காமல் கோப்பையை வைத்துவிட்டுப் போனார். அந்தக் கண்டிப்பைப் பதின்மூன்றாம் குழியிலும் காட்டியிருக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றியது.

போகிறவர்களுக்குச் சில செய்திகள். வாரநாள் காலையில் போங்கள். நான்கு பேர் சேர்ந்து ஆடினால் மூன்று மணி நேரம் பிடிக்கும். வார இறுதியின் பிற்பகலில் சுவைக்கூடத்துக்கு வரும் கூட்டத்தோடு வண்டிக்கு இடம் தேட வேண்டியிருக்கும். அறுவடை நடக்கும் வாரங்களில் களம் முழுவதையும் மூடிவிடுகிறார்கள். பையை நிரப்பிக்கொண்டு போக வேண்டாம். நேராகப் போகும் மிட்ரேஞ்ச் இரண்டு, பட்டர் இரண்டு, வலுவாக இடப்பக்கம் விழும் தட்டு ஒன்று, வேகம் குறைந்த டிரைவர் ஒன்று போதும். இலையுதிர் பருவத்தில் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் தட்டுகளை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். தொலைந்த தட்டைத் தேட விதி தருவது மூன்று நிமிடந்தான், உதிர்ந்த மேப்பிள் இலைகளுக்குள் சிவப்புத் தட்டைக் கண்டுபிடிக்க மூன்று நிமிடம் எந்த மூலைக்கும் போதாது. நீலமோ வெளிர்சிவப்போ கொண்டு போங்கள். கோடையில் நீளக் காற்சட்டை அணிவது நல்லது. பாதையை விட்டுத் தட்டுத் தேடப் போனால் உண்ணி ஏறும்.

கடைசி முறை புறப்படும்போது இளைய மகனிடம் பதின்மூன்றாம் குழியைப் பற்றிச் சொன்னேன். மறுக்கவில்லை, தானும் அதையே நினைத்துக்கொண்டிருப்பதாகச் சொல்லி, ஒரு பீப்பாய் மூடியின் பின்புறத்தில் சுண்ணக்கட்டியால் வரைந்து காட்டினார். கூடையை முகட்டுக்கு இந்தப் பக்கமாகவே கொண்டுவந்து, ஓடைப் பக்கம் இடப்புறம் திருப்பி, நடைபாதையை முற்றிலும் விட்டுவிடுவதாகத் திட்டம்; குளிர்காலக் கவாத்து முடிந்தபின் வேலை தொடங்குமாம். பன்னிரண்டாம் குழியின் இளமரங்களைப் பற்றிக் கேட்டதற்கு மட்டும் அவர் அம்மாவைப் பார்த்தார், அம்மாள் காட்டைப் பார்த்தார்.